செல்லப்பாவை விடாத வெயில்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பாய் அகலத்துக்கு விழுகிற வெயில், போன தை மாதத்திலிருந்து செல்லப்பாவின் பின்னால் நடக்கத் தொடங்கியது. அந்த வாரம் மிளகு கிலோ எழுநூறு ரூபாய். செல்லப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அவர் கிடங்குக்குள் போனால் வெயிலும் உள்ளே போகும். அவர் சாயாக்கடையில் நின்றால் அதுவும் நிற்கும். இது சுமைக் கணக்கில் சேருமா சேராதா என்று யூனியன்காரர்கள் கூடிப் பேசினார்கள். முடிவுக்கு வராமல் சாயா குடித்துக் கலைந்தார்கள்.

ஸுப்ரியாவுக்குத்தான் தலை சுற்றியது. களமசேரியில் நூலக வேலை பார்க்கும் அவள் ஞாயிறானால் கேமராவோடு இந்தத் தெருக்களில் அலைவாள். அவளுடைய வித்தையே காத்திருப்பதுதான். இருட்டுச் சந்தில் ஒரு துண்டு வெளிச்சத்தைக் கண்டுபிடிப்பாள். கேமராவை அதற்கேற்ப அமைத்து, மற்றதெல்லாம் கறுப்பாகப் போகட்டும் என்று விட்டுவிடுவாள். யாராவது அந்த வெளிச்சத்துக்குள் காலெடுத்து வைக்கும்வரை எதிர்ச்சுவரில் சாய்ந்து நிற்பாள். இங்கே வெளிச்சமே ஆளைத் தேடிப் போனால் அவள் எதற்கு நிற்பது? படம் எடுப்பது தானா, வெயிலா என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனாலும் எடுத்தாள், இணையத்தில் போட்டாள். கரிய தெரு, மூட்டைக்கடியில் பளிச்சென்று ஒரு முகம். மூன்றே நாளில் அந்தப் படம் ஊர் ஊராகச் சுற்றியது.

அடுத்த ஞாயிறு செல்லப்பா அவளை ஓரமாகக் கூப்பிட்டார். மகள் ரோஜாவைக் கட்டிக்கொடுத்த வீட்டில், தான் வல்லார்பாடத்தில் கப்பல் ஆபீஸ் குமாஸ்தா என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.

“மூஞ்சி தெரியாம எடுத்துக்கிடுங்க தாயி. எம் பிள்ளையால அங்க தலை நிமிர முடியாமப் போயிரும்.”

ஸுப்ரியா பழைய படத்தை அழித்தாள். அதற்குள் ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். முகமில்லாத படம் ஒன்றைப் போட்டால் பழையது மறந்துபோகும் என்று நினைத்து, வெளிச்சத்துக்கு எதிரே நின்று, அவர் வெறும் கறுப்பு உருவமாக விழும்படி எடுத்தாள். திரையில் தெரு முழுக்கக் கறுப்பு. முகம் மட்டும் தெளிவாக இருந்தது, மூக்கோரத்து மச்சம் உட்பட. ஒன்பது தடவை எடுத்தாள், ஒன்பதிலும் அப்படித்தான். படித்ததெல்லாம் பொய்யா, கேமராவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று குழம்பி அதைப் பைக்குள் போட்டாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஜா தனியாக வந்து இறங்கினாள். செல்லப்பா மகளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்தார். வெயிலும் கூடவே போய் ஒளிந்ததால் அவரைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எதிர்ச்சுவரோரம் நின்ற ஸுப்ரியாவுக்கு ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பதா, அங்கேயே நிற்பதா என்று தெரியவில்லை.

“மாமியா வீட்லயும் படத்தப் பாத்துட்டாகப்பா. ரெண்டு நாள் பேசுனாக, ஓஞ்சிட்டாக,” என்றாள் ரோஜா. “நீங்க வெயில்ல நிக்காதீங்க. வாங்க, சாப்பிடுவோம்.”

“இது நம்மள விட்டுப் போவாதும்மா.”

ரோஜா குடையை விரித்து அப்பாவின் தலைக்கு மேல் பிடித்தாள். வெயில் குடைக்கு அடியிலும் வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. ஸுப்ரியா கேமராவை வெளியே எடுக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை. ரோஜா குனிந்து அந்த வெயிலைப் பார்த்தாள். பையை மறுபக்கத் தோளுக்கு மாற்றி, அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு நடந்தாள்.