ஏழாங்கட்டையில் விழுந்த விமானி

அன்று கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். காற்றாடிக்கு நேர் கீழே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் செல்லாயி; வயது எண்பத்தாறு. முழங்கால் மடங்காததால் வாசலோரப் பெஞ்சில் காலை நீட்டியபடி அர்ச்சுனன். அவருக்கு எண்பத்து மூன்று. அவருக்கு எதிரே, மடியில் பழைய கோப்போடு ஈப்போவிலிருந்து வந்திருந்த துரைசிங்கம். மேசைக்கு இந்தப் பக்கம் கோயில் செயலாளர் தனேஸ்வரன். அவர் பக்கத்தில் அவருடைய மகள் பிரமிளா, ஆங்கிலத்தில் தட்டுவதற்காகக் கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

எல்லாம் இங்கிலாந்திலிருந்து கோயில் முகவரிக்கு வந்த ஒரு கடிதத்தால். எழுதியவர் மார்கரெட் என்ற எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில், ஜெட் ஓட்டப் பயிற்சியில் இருந்த அவருடைய அப்பா மலாயாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஏழாவது மைல்கல்லை ஒட்டிய ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் விமானத்தோடு விழுந்து இறந்தார். மகள் அப்போது தாயின் வயிற்றில். ‘உடனே உயிர் போய்விட்டது என்று அரசாங்கம் எழுதியது. அம்மா அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்து முடித்தார். அது உண்மைதானா? பார்த்தவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தார்.

அரை மணி நேர வேலை என்றுதான் தனேஸ்வரன் நினைத்திருந்தார். தாளில் கோடு கிழித்து, ஆளுக்கொரு பத்தி ஒதுக்கி வைத்திருந்தார்.

“விழுந்த ஒடனே செத்துட்டான்லா,” என்றார் அர்ச்சுனன். “கிட்டக்கூட யாரும் போவல. எழுதிக்க.”

“இதிலயும் அப்பிடித்தான் கிடக்கு,” என்று துரைசிங்கம் கோப்பைத் திறந்தார். அவருடைய அப்பா அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். தொழிலாளர்கள் போலீசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் கார்பன் நகல் பழுப்பேறி இருந்தது. ரப்பர்ப் பாலுக்காகப் பட்டையைச் சீவி மரம் வெட்டிக்கொண்டிருந்த பதினோரு பேர், பதினோரு பேரும் ஒரே வாக்கியம்: ஐம்பது கெஜத்துக்குள் யாரும் போகவில்லை, ஆள் அசையவில்லை.

தனேஸ்வரன் இரண்டு பத்திகளையும் நிரப்பிவிட்டுத் திரும்பினார். “அத்த, நீங்க சொல்லுங்க.”

செல்லாயி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, “போலீசு வருமா?” என்று கேட்டார்.

“எழுபது வருசம் ஆச்சு அத்த. எந்த போலீசு?”

“அப்ப எழுதிக்க. அவன் ஒடனே சாவல. எங்கம்மா காத்தாயி அவனுக்குக் கோப்பி குடுத்திச்சு.”

பிரமிளாவின் விரல்கள் நின்றன. அர்ச்சுனன் பெஞ்சில் நிமிர்ந்தார். “யக்கா, வயசான காலத்துல என்னத்தையாவது ஒளறாத!”

“நீ போடா. அன்னிக்கு மூத்தரம் பேஞ்சிட்டு மரத்துக்குப் பின்னால நின்னவன்தானே நீ.”

“நின்னேன்லா. அதான் பாத்தேன். கண்ணு தொறந்து கெடந்துச்சு, அசையல.”

“மொதல்ல கண்ணத் தொறந்தான், அப்புறம்தான் அசையல. ரெண்டு நெர மரம் வெட்டுற நேரம், அரை மணியாச்சும், உசுரோட இருந்தான்.”

தனேஸ்வரனுக்குக் குழம்பியது. கிட்டே போயிருந்தால் ஏன் பதினோரு பேரும் போகவில்லை என்றார்கள்? கேட்டார்.

துரைசிங்கம் கோப்பை மூடினார். “கோப்பிதான் காரணம்,” என்றார். “அவசரகாலம் தம்பி. காட்டில ஒளிச்சிருக்கிற கம்யூனிஸ்ட் ஆக்களுக்குப் போயிடும் எண்டு, தோட்டத்துக் கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி, சீனி கொண்டுபோக ஏலாது. ஆளை ஆளாச் சோதிப்பினம். அந்த மனுசி சீனி போட்ட கோப்பியைப் பால்வாளிக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோயிருக்குது. வெளிய தெரிஞ்சா மறியல், செயிலுக்குள்ளதான். அப்பாதான் எல்லாரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, இப்பிடித்தான் சொல்லோணும் எண்டு சொல்லிக் குடுத்தவர்.”

“அப்ப இந்தக் காகிதம் பொய்யா, ஐயா?”

“கிட்டப் போகேல்ல எண்டது பொய். ஆள் இருந்ததோ செத்ததோ, எனக்கெப்பிடித் தெரியும்? எனக்கு அப்ப அஞ்சு வயசு.”

“மாமா, நீங்க?”

அர்ச்சுனன் முழங்காலைத் தேய்த்தார். “எங்கப்பன் பாயில ஒக்கார வச்சு, சொல்லு சொல்லுன்னு பத்து தடவ சொல்ல வச்சாரு. தப்பாச் சொன்னா அடி. இப்ப கண்ண மூடுனா அந்த வார்த்ததான் வருது, ஆளு வரல.” பிறகு எதையோ பிடித்துக்கொண்டவர்போல, “ஒண்ணு மட்டும் தெரியும். காத்தாயி சின்னம்மா தலத்துணி இல்லாமத் திரும்பி வந்திச்சு. அத அவன் மூஞ்சில போட்டுட்டு வந்திச்சு,” என்றார்.

“ஆமா,” என்றார் செல்லாயி. “செவப்புக் கட்டம் போட்ட துணி.”

“பாத்தியா! உசுரோட இருக்கறவன் மூஞ்சியத் துணியால மூடுவாங்களா?”

“அந்த ஆகாசக் கப்பலு அத்தன மரத்தையும் சாச்சுப்புட்டு விழுந்திருக்கு. நெழலு ஏது? வெயிலு நேரா மூஞ்சில அடிச்சா மூடாம?”

தனேஸ்வரன் பேனாவைக் கீழே வைத்தார். முதன்முதலாக இருவரும் ஒத்துப்போன ஒரு விஷயம். அதிலிருந்தும் இரண்டு வழி பிரிந்தது.

“அப்பா,” என்றாள் பிரமிளா மெதுவாக. “ஒடனே செத்துட்டாருன்னே எழுதிடலாம். அந்தம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. இப்ப போய் அரை மணி நேரம் வலியில கெடந்தாருன்னு சொல்லி என்னா ஆவப்போவுது?”

அவருக்கும் அதுவே சரி என்று பட்டது. ஒரு வரி எழுதினால் போதும்; அரசாங்கக் காகிதமே சாட்சி. ஆனால் அந்தக் காகிதம் எப்படி எழுதப்பட்டது என்பது இப்போது தெரிந்துவிட்டதே. அந்த வரியை அவரும் எழுதினால் பன்னிரண்டாவது ஆளாக அவரே போய் நின்றது போலாகும்.

“அத்த, சாகும்போது வலிச்சிச்சா அவருக்கு? கத்துனாரா?”

“கத்தல. ஏதோ சொன்னான். எங்களுக்கு என்னா வெளங்கும்? அம்மா தமிழ்ல ‘ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல’ன்னு சொல்லிக்கிட்டே இருந்திச்சு.” செல்லாயி தலையை ஆட்டினார். “இல்ல, அதுகூட நான் கேட்டதா, அம்மா அப்புறமாச் சொன்னதான்னு இப்ப தெரியல தம்பி.”

மறுநாள் தனேஸ்வரன் மூன்று தாள் எழுதினார். அர்ச்சுனன் சொன்னது, செல்லாயி சொன்னது, கிராணியின் காகிதம், அது பிறந்த கதை, எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதினார். ‘உங்கள் தந்தை உடனே இறந்தாரா என்பதை எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காத்தாயி என்ற பெண் அவர் அருகில் போனார், தன் தலைத்துணியை அவர் முகத்தில் போட்டார் என்பதில் மட்டும் பார்த்த இருவருக்கும் சந்தேகமில்லை. நிழலுக்காகவா, மரியாதைக்காகவா என்பது தெரியவில்லை’ என்று முடித்தார். பிரமிளா ஆங்கிலமாக்கினாள். தட்டும்போது இரண்டு முறை மூக்கை உறிஞ்சினாள். ஆனால் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

தபால் நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. உறையை ஒட்டாமலேயே நின்றார். கடைசித் தாளை எடுத்துவிட்டால் பாதி பாரம் குறையும் என்று தோன்றியது. முதல் தாளை எடுத்தாலும்தான். எதை எடுத்தாலும் மிச்சம் பொய்யாகிவிடும்போல இருந்தது.

அவருடைய எண்ணை அழைத்தார்கள். முகப்பிலிருந்த மலாய்ப் பெண் உறையைத் தூக்கிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டாள்.

“சூராட் சாஜா,” என்றார். வெறும் கடிதம்தான். சொன்னபிறகு அது சரியா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் பசைக்குச்சியைத் தள்ளினாள். அவர் ஓரத்தில் பசையைத் தடவி, மடித்து, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினார். அவள் முத்திரை குத்தி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த சாக்கில் போட்டாள்.