படத்துக்குச் சொந்தக்காரர்

கோபிசங்கருக்குக் கோபம் வருவது அபூர்வம். போட்டோ ஸ்டூடியோக்காரன் சிடுசிடுத்தால் எந்தக் கல்யாணப் பெண் சிரிப்பாள்? ஆனால் 2006ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள், இலங்கை மலையகத்து ஹட்டனில் பைஸர் நானாவின் கம்யூனிகேஷன் கடையில், இன்டர்நெட் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தான்.

வெளிநாட்டுத் தேயிலைக் கம்பெனி ஒன்றின் இணையப் பக்கத்தில் அவன் மனைவி ரோகினி சிரித்துக்கொண்டிருந்தாள். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில், கொழுந்துக் கூடையோடு அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் எடுத்த படம். போன மாதம்தான் நானாவின் உதவியோடு தன் வலைப்பூவில் போட்டிருந்தான். எவனோ கேட்காமல் கொள்ளாமல் அதைச் சுட்டு, தன் தேயிலைக்கு விளம்பரமாக்கிவிட்டான்.

"மூலையில பேர் போட்டா வெட்டி எறிஞ்சிருவானுங்க தம்பி. நட்ட நடுவுல போடணும். அப்ப ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்" என்றார் நானா.

சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். 'கோபிசங்கர்' என்ற எழுத்துகள் ரோகினியின் நெற்றியில் ஏறி, மூக்கைக் கடந்து, கன்னத்தில் இறங்கின. கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தால் இங்கிலீஷில் மாற்றி அனுப்புவதாகவும் சொன்னார்.

சாயங்காலம் ரோகினி கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்து தேத்தண்ணி ஊற்றும்போது, கோபிசங்கர் கடிதத்தைக் கணீரென்று வாசித்தான்.

"படத்தின் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீங்கள் இதைப் பயன்படுத்தியது..."

"சொந்தக்காரருன்னா யாருங்க?"

"நான்தான். வேற யாரு?"

"நீங்க எனக்குச் சொந்தக்காரரு. மாமா மகன். அது சரி. படத்துல இருக்கிற மூஞ்சி யாருதுங்க?"

அவன் நானா அச்சடித்துக் கொடுத்த படத்தை நீட்டினான், கொஞ்சம் பெருமையாகவே. தன் முகத்தின் மேல் புருஷனின் பெயர் படுத்துக் கிடப்பதை ரோகினி சற்று நேரம் பார்த்தாள்.

"கம்பெனிக்காரன் ஒங்ககிட்ட கேக்கலன்னு இம்புட்டு கோவம். நீங்க எங்கிட்ட கேட்டீங்களா?"

கோபிசங்கர் கடிதத்தை மடித்தான். ஸ்டூடியோ ஷோகேஸில் வைக்க, முன்பின் தெரியாத கல்யாணப் பெண்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு வைக்கிறவன். கட்டின பெண்டாட்டியிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"அது ஊருக்குச் சிரிச்சதில்லங்க." ரோகினியின் குரல் தணிந்தது. "கேமராவத் தூக்கிக்கிட்டே வேர் தடுக்கி விழப் பாத்தீங்கல்ல, அதுக்குச் சிரிச்சேன். ஒங்களப் பாத்துச் சிரிச்சேன்."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அவள் மேல் ஆசைதான் அதிகமாக இருந்தது. எத்தனை ஆயிரம் பேர் பார்த்தாலும் அந்தச் சிரிப்பு தன் ஒருவனுக்கே என்பது இவ்வளவு நாளாகப் புரியவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கடிதத்தை மாற்றி எழுதினார்கள். படத்தில் இருக்கும் பெண் சம்மதிக்கவில்லை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று இரண்டே வரி. கீழே ரோகினி கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் பைஸர் நானா கடிதத்தை அனுப்பிவிட்டு, வலைப்பூவைத் திறந்தார்.

"இதுல பேரை நடுவுல போட்டுரவா தம்பி?"

"வேணாம் நானா. இங்கயிருந்தும் எடுத்துருங்க."

நானாவுக்கு மனசே வரவில்லை.

"நீங்க எடுத்ததுலயே நல்ல படம் இதுதானே? இதையா அழிக்கச் சொல்றீங்க?"

"ஆமா நானா. அதனாலதான்."