மொக்கம்மாள் பேரில் ஒரு சொட்டு

மலைக் குடியிருப்பின் கடைசி வீடு மொக்கம்மாளுடையது. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து ஒரு மணி நேர ஏற்றம். மலேரியா ஊழியர் வேலுச்சாமி பதினைந்து நாளுக்கொரு தரம் அங்கே ஏறி, விரலில் குத்தி ஸ்லைடில் ரத்தம் தடவி, கதவுக்குப் பின்னால் சுவரில் தேதி எழுதிவிட்டு வர வேண்டும். ஏறினால் சும்மா விடுவாளா அந்த மனுஷி? பேச ஆள் கிடைக்காத வாய். "காய்ச்ச மாதிரி இருக்கு தம்பி" என்று இல்லாத காய்ச்சலைச் சொல்லியாவது உட்கார வைத்துவிடுவாள்.

இந்த முறை அவர் ஏறவில்லை. ஒரு வாரமாக உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. ஏலத்தோட்டக் கொட்டகைகளில் நாலு நாள் தங்கி வேலை பார்த்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டார். அவர் குடியிருந்த அல்லிநகரத்து ஒற்றை அறையில், சம்சாரம் செத்த பிறகு, ஏன் படுத்திருக்கிறாய் என்று கேட்க நாதியில்லை. அந்த மாதம் காட்ட வேண்டிய கணக்கில் ஒரு ஸ்லைடு குறைந்தது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தன் விரலையே குத்தி, மொக்கம்மாள் பேரை எழுதி அனுப்பிவிட்டார். ரெண்டு வருஷமாக அந்தப் பக்கம் ஒரு கேஸ்கூடக் கிடையாது. யார் ரத்தமாக இருந்தால் என்ன?

நாலாம் நாள் ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. மொக்கம்மாளுக்கு மலேரியா.

வேலுச்சாமி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அது யாருடைய காய்ச்சல் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொன்னால் வேலைக்கே உலை. ஓய்வுக்கு எட்டு மாதம்தான் பாக்கி. சொல்லாவிட்டால் நோயில்லாதவள் மாத்திரை விழுங்குவாள். மாத்திரையோடு நேரிலேயே கிளம்பிய சுகாதார நிலைய டாக்டர் பவானிக்குப் பின்னால், குளிரில் பல் கிட்டிக்க மலையேறினார்.

மொக்கம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். "என்னியப் பாக்கவா டாக்டரம்மாவே வந்தீக?"

"பதினாலு நாள் மாத்திரை போடணும்மா. தினமும் ஒரு ஆள் வந்து, முன்னால நின்னு முழுங்க வைப்பாரு."

"தினமுமா?" அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

பவானி கதவை விலக்கிப் பார்த்தார். சுவரில் தேதி போன மாதத்தோடு நின்றிருந்தது. "இவரு ரத்தம் எடுத்தாரா இல்லையா?"

"எடுத்தாகளே! தேதி எழுத மறந்திருப்பாக." கூசாமல் சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கி வாயருகே கொண்டுபோனாள்.

"ஆத்தா, போடாத!" வேலுச்சாமி அவள் கையைப் பிடித்துவிட்டார். "மேடம், அது என் ரத்தம். நான் இங்கன வரவே இல்ல. காய்ச்சல் எனக்குத்தான்."

பவானி அவர் நெற்றியைத் தொட்டார். அனலாய்க் கொதித்தது. "என்ன காரியம் பண்ணியிருக்கீகண்ணே! இத நான் மேல எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க மேடம்."

"மாத்திரை குடுக்க வீட்டுல யாரு இருக்கா?"

"ஆரும் இல்ல மேடம்."

"சரி, அந்த ஆள உங்க வீட்டுக்கு அனுப்புறேன்."

மொக்கம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப எனக்கு ஒண்ணுமில்லியா?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாருக்கீக."

"அப்ப நாளைக்கி ஆரும் வர மாட்டீகளா?"

பவானி மாத்திரைகளைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அல்லிநகரத்து அறையில் படுத்துக்கொண்டு வேலுச்சாமியும் ஒரு வாரமாகக் கதவையே பார்த்துக் கிடந்தவர்தானே. பையைத் திறந்து ஊசியை எடுத்தார்.

"வெரலக் குடு ஆத்தா."

அவள் விரலை நீட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். வேலுச்சாமி உட்கார்ந்துகொண்டார்.