செவ்வாய்க்கிழமை மட்டும்

சரக்கு நிறுவனத்தின் கொட்டாஞ்சேனைக் கிளை இன்று தப்பினால்தான் உண்டு.

மதியம் வெள்ளவத்தைத் தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளர் சாந்தகுமார் அழைப்பார். அவர் கேட்கும் சரக்கு ஆவணத்தை, இணையத்தில் இயங்கும் புதிய மென்பொருளில் உடனே திறந்து காட்ட வேண்டும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால் கிளைக்குப் பூட்டு, எல்லோரும் வெள்ளவத்தைக்கு.

அதைத் தடுக்கத்தான் இணைய இணைப்புகளைச் சரிசெய்யும் உஷாந்தி வந்திருந்தாள். கையில் ஒரு கறுப்புப் பெட்டி.

"இது என்ன செய்யும் பிள்ளை?" கிளைப் பொறுப்பாளர் மாக்ரெட் கேட்டார்.

"அடிக்கடி திறக்கிற ஃபைல்களை இங்கயே கொப்பி எடுத்து வச்சிருக்கும் மிஸ். இன்டர்நெட் லைன்ல எது முந்திப் போகோணும், எது பிந்தி வரோணும் எண்டும் பார்த்துக்கொள்ளும்."

"அப்ப பஸ் கொண்டக்டர்!" என்றான் எழுத்தர் கிளின்ரன். "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க எண்டு கத்துமோ?"

பெட்டியைப் பொருத்தியாயிற்று. பச்சை விளக்கு எரிந்தது. மாக்ரெட் ஓர் ஆவணத்தைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

உஷாந்தி கம்பியைக் கழற்றி மறுபடி சொருகிப் பார்த்தாள். "நேற்று வந்து பார்க்கேக்க நல்லாத்தானே ஓடினது?"

"செவ்வாய் எண்டா இப்பிடித்தான் பிள்ளை," என்றார் மாக்ரெட். "திங்கள் ஓடும், புதன் ஓடும். செவ்வாய் மட்டும் செத்துப்போகும்."

செவ்வாய் மட்டுமா? கம்பிக்குக் கிழமை தெரியாது. மனிதர்களுக்குத்தான் தெரியும்.

யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று பெட்டி வைத்திருந்த கணக்கை மடிக்கணினியில் திறந்தாள். லைன் முழுவதையும் வீடியோ விழுங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மேசையிலிருந்தும்!

"ஆர் இங்க படம் பார்க்கிறது?"

கிளின்ரன் மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

"படமில்லை," மாக்ரெட்டின் குரல் இறங்கியது. "அந்தோனியார் கோயில் நவநாள் பூசை. லைவ். செவ்வாயில எல்லாரும் போட்டு வைப்பம். சத்தத்தை நிப்பாட்டித்தானே வச்சிருக்கிறம்? சத்தமில்லாட்டி லைனை இழுக்காதுதானே?"

"சத்தமில்லாட்டியும் படம் வந்துகொண்டுதான் இருக்கும் மிஸ்."

"ஐயோ, பூசையை நிப்பாட்டச் சொல்லாத பிள்ளை! கிளையைப் பூட்டக் கூடாது எண்டுதான் ஒன்பது செவ்வாய் நேர்ந்திருக்கிறம். இண்டைக்குக் கடைசி."

உஷாந்தி சிரிப்பை அடக்கினாள். "நிப்பாட்ட வேண்டாம். ஒரு மேசையில மட்டும் போடுங்கோ. சத்தத்தோட. எல்லாரும் சுத்தி நிண்டு பாருங்கோ."

மற்றத் திரைகளில் பூசை மூடப்பட்டது. அவள் பெட்டிக்குப் புதுக் கட்டளை கொடுத்தாள்: மென்பொருள் முதலில், பூசை மிச்ச இடத்தில்.

தொலைபேசி அலறியது.

சாந்தகுமார் ஆவண இலக்கத்தைச் சொல்லி முடிக்கவும், மாக்ரெட் தட்டவும், திரை விரியவும் சரியாக இருந்தது. இன்னொன்று கேட்டார். அதுவும் திறந்தது.

"அங்க என்ன பாட்டுக் கேக்குது?"

மாக்ரெட் பூசைத் திரையைத் திரும்பிப் பார்த்தார். "நவநாள் பூசை சேர்."

சாந்தகுமார் மூன்றாவது ஆவணம் கேட்கவில்லை.

"ம். லைன் நல்லா ஓடுது. கிளை அங்கயே இருக்கட்டும். அந்தோனியாருக்கு என்ர பேரிலயும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ."

கிளின்ரன் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக் கைகூப்பினான்.

"அந்தப் பக்கமில்லையடா!" மாக்ரெட் அவன் தலையைப் பிடித்துப் பூசைத் திரைப் பக்கம் திருப்பினார்.