கூப்பிடாத வாய்

டேனியல் சூப்பர்வைசர் ஆகி ஒரு வருஷம் முடியப்போகிறது. முதல் நாளைக் கழித்துவிட்டால், இந்த ஒரு வருஷத்தில் தினேஷ்குமார் அவனை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

ஒரே ஷாப்பில் வேலை செய்துகொண்டு எப்படிக் கூப்பிடாமல் இருக்க முடியும் என்று கேட்பவர்கள் தகரத்தை அழுத்தி வெட்டும் அந்தப் பிரஸ் ஷாப்புக்குள் வந்து பார்த்திருக்க வேண்டும். தினேஷ் அதற்கென்றே ஒரு வழி வைத்திருந்தான். மிஷினில் கோளாறு, சூப்பர்வைசர் வர வேண்டும் என்றால், கையிலிருக்கும் ஸ்பானரால் மிஷினின் இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான். டக், டக். டேனியல் திரும்பிப் பார்ப்பான். பார்த்ததும் தினேஷ் கோளாறை மட்டும் சொல்வான். "டை லூசா கீது." "ஷீட்டு தீந்துபோச்சி." கண் மட்டும் டேனியலைத் தாண்டி எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாட்டைக் கூப்பிடவாவது வாயால் ஒரு சத்தம் கொடுப்பார்கள். டேனியலுக்கு அந்த யோகமும் இல்லை.

மற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பீகாரிலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆள் ஒருவன், "டேனியல் பையா!" என்று தகரக் கூரை அதிரக் கத்துவான். திருநெல்வேலிப் பக்கத்து முத்துவேல், சார் பாதி, அண்ணாச்சி பாதியாகக் கூப்பிடுவான். அவர்களுக்கு டேனியல் வெறும் சூப்பர்வைசர். தினேஷுக்குத்தான் டேனியல் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். இரண்டு பேரும் ஒரே கிராமம். தினேஷ் ஊர். டேனியல் காலனி. நடுவில் ஒரு ஏரிக்கால்வாயும் அதன் மேல் ஒரு சின்னப் பாலமும் இருக்கின்றன. பாலம் போட்டு முப்பது வருஷம் ஆகியும் அது காலனிக்காரர்கள் ஊர்ப்பக்கம் வேலைக்குப் போகத்தான் பயன்படுகிறது.

உத்திரமேரூர் ரோட்டில் பெரிய கார் கம்பெனிகளுக்குச் சாமான் செய்துகொடுக்கும் இந்தச் சின்னக் கம்பெனி வந்ததே தினேஷின் அப்பா வரதன் விற்ற நிலத்தில்தான். நிலம் விற்ற வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு. அதனால் காலேஜில் பாதிப் பரீட்சையை எழுதாமலே வந்த தினேஷ் நேராக நிரந்தர வேலைக்கு வந்து உட்கார்ந்தான். அதே நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிய செங்கேணியின் மகன் டேனியலுக்கு அப்படி ஒரு பேச்சும் கிடையாது. டேனியல் ஐ.டி.ஐ. முடித்து, கான்ட்ராக்டில் நுழைந்து, ஸ்கிராப் அள்ளி, எண்ணெய் துடைத்து, எட்டு வருஷத்தில் நீலச் சட்டையிலிருந்து வெள்ளைச் சட்டைக்கு வந்தான். ஆக, நிலத்தைக் கொடுத்தவன் மகன் கீழே, நிலத்தில் குனிந்தவள் மகன் மேலே. கம்பெனிக்காரனுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அவனுக்கு என்ன.

வெள்ளைச் சட்டை போட்ட முதல் நாள் தினேஷ் கூப்பிடத்தான் செய்தான். "டேய் டேனியலு, இங்க வாடா" என்று, வரப்பில் நின்று கூப்பிடுவது போல. அந்தப் பக்கம் வந்த எச்.ஆர். பூஜா காதில் அது விழுந்துவிட்டது. சென்னைப் பெண். "சூப்பர்வைசரை அப்படிக் கூப்பிடக் கூடாது. சார்னு கூப்பிடுங்க, இல்லேன்னா பேசாம இருங்க" என்று நான்கு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். தினேஷ் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். அன்றைக்கு எடுத்த ஸ்பானர்தான்.

பிரஸ் ஷாப் சுவரில் மஞ்சள் பெயிண்டில் ஆளுயர எழுத்தில் ஒரு விதி இருக்கிறது: "டையில் கை இருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிடு. பதில் வந்த பிறகு பெடலை மிதி." தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. டை என்பது தகரத்தை வெட்டும் இரும்பு அச்சு; பெடலை மிதித்தால் அதன் மேல்பாதி இறங்கிவிடும். அந்த விதியை நினைத்துத்தான் டேனியல் ஒரு நாள் பூஜாவிடம் போனான்.

"மேடம், தினேஷ் என்னைக் கூப்பிடவே மாட்டேங்கிறான். மிஷின் வேலை, டேஞ்சர்."

பூஜா சிரித்தாள். "இப்ப டேய்னு கூப்பிடுறதில்லல்ல? அப்ப பிராப்ளம் முடிஞ்சுதே. ஒரு வார்த்தைக்காக ஈகோ பார்க்காதீங்க டேனியல். கேட்டுக்குள்ள வந்துட்டா நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி."

ஃபேமிலி என்றால் ஒருவரை ஒருவர் கூப்பிட மாட்டார்களா என்று கேட்க டேனியலுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஷாப்புக்குத் திரும்பி நடந்தான். வீட்டில் அம்மாவிடம் சொன்னால் அவள் வேறு மாதிரி.

"கூப்டாட்டிதான் போறான், வுடேன்டா. அவுங்க வூட்டு மிச்ச நெலத்துலதான் நான் இன்னும் களை புடுங்கிக்கினு கீறேன். நீ எதுனா பேசி பேஜார் பண்ணிடாத."

ஆடி மாசத்து முதல் ஷிப்டில் அது நடந்தது. நாஷ்டா முடிந்து ஆட்கள் மிஷினுக்குத் திரும்பியிருந்தார்கள். தினேஷுக்கு இரண்டு பக்கத்து மிஷின்களிலும் பீகார்க்காரனும் முத்துவேலும் நின்றார்கள். தினேஷின் பிரஸ்ஸில் டைக்குள் ஒரு தகரத் துண்டு சிக்கிக்கொண்டது. டக், டக். டேனியல் வந்தான். பார்த்தான். கம்பியால் நெம்பினான், வரவில்லை. கையை உள்ளே விட்டான். கை உள்ளே போனால் மிஷினைத் தானாக நிறுத்த வேண்டிய சென்சார் பழுதாகிப் பல மாதம் ஆகிவிட்டது. மேனேஜருக்கு மூன்று தடவை சொல்லியாயிற்று. ஆர்டர் முடியட்டும் என்றிருந்தார்.

துண்டு வெளியே வந்து விழுந்தது. தினேஷ் அதைப் பார்த்தான். உள்ளே இன்னும் ஒரு சின்னத் துண்டு இருந்ததை டேனியல்தான் பார்த்தான். மிஷினுக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்தவனின் தலை மட்டும்தான் தினேஷுக்குத் தெரிந்தது. கை தெரியவில்லை. தினேஷ் இடத்தில் பீகார்க்காரன் இருந்திருந்தால், "பையா, கிளியர்?" என்று தொண்டை கிழியக் கத்தியிருப்பான். முத்துவேல் இருந்திருந்தால், "அண்ணாச்சி, மிதிக்கவா?" என்றிருப்பான். தினேஷும் கேட்டான், தன் பாஷையில். டக், டக்.

பக்கத்து மிஷின் அப்போதுதான் இறங்கிய சத்தத்தில் அது கரைந்து போனது. குனிந்திருந்த தலை கொஞ்சம் அசைந்தது. அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு தினேஷ் மிதித்தான்.

வலது கையில் மூன்று விரல் போனது.

டேனியல் ஆஸ்பத்திரியிலிருந்து காலனிக்கு வந்த மறுநாள் சாயங்காலம் வரதன் வந்தார். பாலத்தைத் தாண்டி அவர் பைக் வருவதைப் பார்த்து தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. செங்கேணி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டாள்.

"உக்காரு நைனா."

வரதன் பைக்கை விட்டு இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்திருந்த டேனியலின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதில் பொய்யில்லை. உச்சுக்கொட்டினார்.

"நடந்தது நடந்துபோச்சிப்பா. வெள்ளிக்கெயமை கம்பெனில விசாரிக்கிறாங்களாம். நீதான் கைய எடுத்துட்டு, மிஷின ஓட்டுன்னு தலைய ஆட்டுனேன்னு சொல்லிடு. தெரியாம ஆட்டிட்டேன்னு சொல்லு. சின்னப் பையன், அவன் லைஃப் போயிடும். கல்யாணத்துக்கு வேற பாத்துக்கினு கீறோம்."

"நான் ஆட்டலியே" என்றான் டேனியல்.

"அட, சொல்றதுதானே. உங்கம்மாவுக்கு அது இருக்கிற வரைக்கும் நம்ம கயனில வேலை உண்டு. நான் வாக்கு குடுக்கறேன்."

சாகும்வரை களை பிடுங்கலாம் என்று வரம் கொடுக்கிறார். செங்கேணி அதற்கும் கை கூப்பிக்கொண்டு நின்றாள். அந்தக் கையைப் பார்த்ததும் டேனியலுக்குத் தன் கை வலியை விடப் பெரிய வலி ஒன்று வந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே சொல்றேன். என் தப்புன்னே சொல்லிடறேன், வேலை போனாலும் போவட்டும்" என்றான். "தினேஷு இங்க வரணும். வந்து, இத்தினி பேரு முன்னால, என்னை ஒருவாட்டி சார்னு கூப்புடணும். மன்னிப்புகூட வாணாம். கூப்ட்டா போதும்."

செங்கேணி அவன் வாயைப் பொத்த வந்தாள். வரதன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம்கூட வரவில்லை அவருக்கு. பிள்ளை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"அது நடக்காதுப்பா" என்று தன்மையாகவே சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ரூமில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பக்கத்தில் பூஜா. எதிரே டேனியல், தினேஷ், முத்துவேல். பீகார்க்காரனைக் காணோம். திங்கட்கிழமையே அவனை வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டதாக கேட்டில் சொன்னார்கள். கண்ணால் பார்த்தவர்களில் சத்தமாகப் பேசக்கூடியவன் அவன் ஒருவன்தான்.

மேனேஜர் முதலில் முத்துவேலைக் கேட்டார். முத்துவேல் தரையைப் பார்த்தபடி, "நான் அந்தப் பக்கம் திரும்பி இருந்தேன் சார், ஒண்ணும் பார்க்கல" என்றான். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து உள்ளூர்க்காரன் நிலத்தில் நின்ற கம்பெனியில் பிழைக்கிறவன். அவன்மேல் கோபப்படவும் டேனியலால் முடியவில்லை.

"நீங்க சொல்லுங்க டேனியல்."

"தினேஷ் கூப்பிடல சார். கூப்பிட்டுட்டுத்தான் மிதிக்கணும். அவன் ஸ்பானரால தட்டிட்டு மிதிச்சான். சத்தத்துல எனக்குக் கேக்கல. சென்சாரும் வேலை செய்யல."

சென்சார் என்றதும் மேனேஜர் பேனாவை மூடினார். "சென்சார் விஷயத்த அப்புறம் பார்ப்போமுங்க. அவர் ஏன் தட்டோணும்? கூப்பிட வேண்டியதுதானுங்களே?"

"அவன் என்னை எப்பவும் கூப்பிட மாட்டான் சார். ஒரு வருஷமா கூப்பிட்டதில்ல."

"ஒரே ஷாப்புல நாள் பூரா ஒண்ணா வேலை செஞ்சுட்டு, கூப்பிட்டதே இல்லீங்களா? அதெப்படிங்க டேனியல், நம்பற மாதிரியா இருக்குது?"

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் பாலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். களை பிடுங்குவது, பிளாஸ்டிக் நாற்காலி, அணைக்காத இன்ஜின் எல்லாம் சொல்ல வேண்டும். ஏ.சி. ரூமில் அவை எதுவும் விபத்துக்கான காரணம் ஆகாது. டேனியல் பூஜாவைப் பார்த்தான். அவளுக்குத் தெரியும். அவளிடம்தான் போய்ச் சொன்னான். பூஜா தன் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் தினேஷ் பக்கம் திரும்பினார். தினேஷ் தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, வந்திருந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"டேனியல் சார் டைய பாத்துக்கினு இருந்தாரு சார்," என்று ஆரம்பித்தான். "நான் சத்தமா, டேனியல் சார், கிளியரான்னு கேட்டேன். சார்தான் கைய எடுத்துட்டு, ஓட்டுன்னு தலைய ஆட்டுனாரு. அப்பறம் சாரே திரும்பக் கைய வுட்டுட்டாரு. டேனியல் சார்மேல எனக்கு ரொம்ப மரியாதை சார்."

கொஞ்சமும் தடுமாறவில்லை. எச்சில் விழுங்கவில்லை. இந்த ஒரு வருஷமாக அந்த வாய்க்கு வராத வார்த்தை, வழுக்கிக்கொண்டு வந்து விழுந்துகொண்டே இருந்தது. அந்த முதல் 'டேனியல் சார்' காதில் பட்டதும் டேனியலின் தலை தன்னை மீறி அவன் பக்கம் திரும்பியது. அதை மேனேஜர் பார்த்தார்; பழகிய கூப்பாட்டுக்குத் திரும்புவது போலத்தான் அது இருந்தது.

பூஜா போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பாருங்க டேனியல், எவ்வளவு மரியாதையா பேசுறார். நீங்க அவரைப் பத்தி இப்படிச் சொல்றது நல்லாவா இருக்கு?"

தவறு சூப்பர்வைசருடையது என்று முடிந்தது. எல்லோருக்கும் வசதியான முடிவு. சென்சாரைப் பற்றி யாரும் பிறகு கேட்கப் போவதில்லை. ஒரு கையால் பிரஸ் ஷாப்பைப் பார்க்க முடியாதென்று டேனியலை கேட் ஸ்டோருக்கு மாற்றினார்கள். வெள்ளைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீலச் சட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மேனேஜர் கேட்டபோது அவன் இல்லை என்றான்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் தகரக் கூரை நிழலில் வந்து நின்றான். அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாளைக்கு அவளை வேலைக்குக் கூப்பிடுவார்களா என்பதும் தெரியவில்லை. விரல் இருந்த இடத்தில் விரல் இருப்பது போலவே அரித்தது.

பின்னால் டக், டக்.

தினேஷ் பைக்கில் உட்கார்ந்திருந்தான். சாவியால் பெட்ரோல் டேங்கில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, டேனியலைத் தாண்டி கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். டேனியல் நின்றது வண்டி போகும் வழியில்.

நகரக் கூடாது என்று டேனியல் நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் கால்கள் ஒதுங்கிவிட்டன. பைக் போய்விட்டது. அவனுக்கு அன்றைக்கு தினேஷ்மேல் வந்ததைவிட, சொன்ன பேச்சைக் கேட்காத அந்தக் கால்கள்மேல்தான் ஆத்திரம் அதிகமாக வந்தது.