ஐம்பத்தெட்டு அம்புகள்

அம்புகள் எல்லாம் என்னையே காட்டுகின்றன, விரல்நுனி அளவுச் சிவப்பு ஸ்டிக்கர் அம்புகள், நான் தைத்த போர்வை முழுக்க, மஞ்சள் கட்டத்தில் ஏழு, நீலத்தில் நான்கு, ஓரப் பட்டியில் எறும்புச் சாரைபோல வரிசையாக, எண்ணி நோட்டில் எழுதுகிறேன், ஐம்பத்தெட்டு, மறுபடி எண்ணினால் ஐம்பத்தொன்பது ஆகிவிடுமோ என்று பயந்து எண்ணாமல் விடுகிறேன், தப்பு என்னுடையதுதான், யாரும் கேட்காமலே நானாகப் போய்க் கேட்டேன், மைனாவதி அக்கா, ஒருதரம் பாத்துச் சொல்லுங்களேன் என்று, அக்கா பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங், பதினாறு வருடம், தையல் கோணினால் கை தானாகப் பைக்குள் போய் அம்பை எடுத்து ஒட்டிவிடும், மாலை வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாலும் அந்தக் கை கம்பெனியிலேயேதான் இருக்கிறது, பாவம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் ஜாக்கெட் தோள்மூட்டில்கூட ஒன்று ஒட்டியிருந்தது, அவள் அதோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

சாந்தாமணி டீச்சர் மூன்று வருடம் எழுதிப்போட்டு, இந்த வருடம்தான் எங்கள் கைத்தையல் வகுப்புக்குக் கைவினை வணிகக் கண்காட்சியில் ஒரு ஸ்டால் கிடைத்திருந்தது, மில்லில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கட்டில் அளவுப் போர்வை, அது பதினொரு மணிக்கு அதிகாரி வரும்போது முழுசாகத் தொங்க வேண்டும், தொங்காவிட்டால் ஸ்டால் அடுத்துக் காத்திருப்பவர்களுக்கு, டீச்சர் அதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு அதே பாபினில் மூன்று தடவை நூல் சுற்றினார். அதனால்தான் மறுநாள், கண்காட்சி அன்று, விடியற்காலையில் எழுந்து, நோட்டில் முறையாக எழுதிவைத்துத் தொடங்கினேன், முதலில் அம்பு காட்டும் தையல் எல்லாவற்றையும் பிரிப்பது, பிறகு எல்லாவற்றையும் தைப்பது, இடம் தெரிய அம்புகள் அப்படியே இருக்கட்டும், எட்டரைக்குப் பிரித்து முடிந்திருந்தது, ஐம்பத்தெட்டு இடத்தில் போர்வை வாயைத் திறந்துகொண்டு பஞ்சு துப்பிக்கொண்டிருக்கிறது, நான் அளவுகோலை வைத்து முதல் வாயைத் தைக்கிறேன், கோடு போட்டதுபோல வந்தது, அம்பை உரித்துவிட்டு மணியைப் பார்த்தேன், இருபது நிமிடம், இருபதை ஐம்பத்தெட்டால் பெருக்கினேன், ஏதோ தப்பாகப் பெருக்கிவிட்டேன் என்று மறுபடியும் பெருக்கினேன், பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல், அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், வியாழக்கிழமை வர்றேன் என்று நான் ஏதோ பதில் சொன்னதாக இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆட்டோவில் மடியில் போர்வை, பஞ்சு காற்றில் பறக்கிறது, பின்னால் பைக்கில் வந்தவர் தும்மிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார், கண்காட்சிக் கூடத்தில் டீச்சர் என்னைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், ஏங்கண்ணு, கோழி உரிச்சுட்டு வந்திருக்கறயா என்றார், நான் அழுதேனா, அழுததாகத்தான் நினைவு, ஆனால் நோட்டில் பத்து பத்துக்குத் தொங்கவிட்டோம் என்று மட்டும் இருக்கிறது, நான் ஒரு பக்கமும் டீச்சர் ஒரு பக்கமும் நின்றபடியே தைக்கிறோம், ஆளுக்கு ஐந்துகூடத் தேறாது என்று எனக்குத் தெரிகிறது, அப்போது வழியே போன ஒரு அம்மா நின்று, இதென்னங்க அம்பு என்று கேட்கிறார், டீச்சர் திரும்பக்கூட இல்லை, அம்பு காட்டற எடத்துல நீங்க ஒரு தையல் போடலாமுங்க, இந்தாங்க ஊசி.

அந்த அம்மா கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் தைத்தார், அவருடைய மகள் தைத்தாள், எதிர் ஸ்டால் பாய்க்காரர் பாய் முடைகிற கையால் குறுக்குமறுக்காகத் தைத்தார், மூக்குக்கண்ணாடி மறந்து வந்த ஒரு பெரியவர் அம்பையும் சேர்த்துத் தைத்துவிட்டு அதைப் பிரிக்க நாலு பேரைக் கூப்பிட்டார், தைத்தவர்கள் அம்பை உரித்து நினைவுக்கு என்று செல்போனில் ஒட்டிக்கொண்டு போனார்கள், கழுத்தில் அட்டை தொங்க அதிகாரி வந்தபோது மணி பதினொன்று, பன்னிரண்டு அம்பு பாக்கி, இது முடிஞ்ச பீஸா, முடியாத பீஸா என்று கேட்டார், என் தொண்டையில் பஞ்சு, உண்மையிலேயே பஞ்சுதான், டீச்சர் ஒரு ஊசியில் நூல் கோத்து அவரிடம் நீட்டினார், நீங்க ஒண்ணு போடுங்க சார், போட்டுட்டுச் சொல்லுங்க. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாக்கு மூட்டை தைப்பதுபோல இரண்டு இழு இழுத்தார், முடிச்சுப் போடத் தெரியாமல் பாய்க்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார், தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார், பிறகு தாளில் டிக் அடித்துவிட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போனார், போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது போர்வையை அல்ல, தன் தையலை.

அரைநாள் பர்மிஷனில் மைனாவதி அக்கா வந்தபோது ஒரு அம்புகூட மிச்சமில்லை, அக்கா கம்பெனியில் பார்ப்பதுபோலவே மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு வந்தார், நெளிந்தவை, பின்னிக்கொண்டவை, சாக்குத் தையல், எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும் கை தானாகப் பைக்குள் போகிறது, வேண்டாங்க்கா என்று வாய்க்குள் சொல்கிறேன், ஒரே ஒரு அம்பை எடுத்து, நான் அளவுகோல் வைத்துத் தைத்த அந்த ஒரு இடத்தில் ஒட்டினார். அக்கா, அது ஒண்ணுதான நேரா இருக்குது. அதுதாங் கண்ணு, அது ஒண்ணுதான் மத்ததோட சேர மாட்டேங்குது.

அந்தத் தையலையும் பிரித்துவிடலாம் என்று பிரிக்கும் ஊசியைத் தேடினேன், டீச்சர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவே மாட்டேன் என்பதுபோலச் சப்பணமிட்டு. இப்போது போர்வையில் ஒரே ஒரு அம்பு, அது நேராக என்னைக் காட்டுகிறது, இது யார் தைத்தது என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், நான் கையைத் தூக்குகிறேன்.