முன்பே வந்த மிஸ்ஸி

குணவதியின் மாணவர் பாஸ் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து, பினாங்கில் பிரசவத் தாதிப் படிப்பை முடித்தவள். வேலை தருகிறேன் என்று யாராவது ஒரு முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் மலாயாவில் தங்கலாம். இல்லாவிட்டால் அடுத்த கப்பல். ஊரில் தாய்மாமன் தாலியோடு காத்திருந்தார்.

பினாங்கில் அவள் ஏறி இறங்காத கிளினிக் இல்லை. இங்கேயே பிறந்தவர்களுக்குத்தான் வேலை என்று கைவிரித்தார்கள். சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஷம்சுதீன், அவள் அப்பாவின் ஊர்க்காரர், ஒரு வழி சொன்னார்.

"டவுன்ல தேடுறது சூசா-லா, ரொம்பக் கஷ்டம் புள்ள. எல்லாரும் போகப் பயப்படுற எடத்துக்குப் போ. திகாம் பத்து ஊருக்கு உள்ள ஒரு ரப்பர் தோட்டத்துல பிரசவம் பாக்க மிஸ்ஸி இல்லாம தவிக்கிறாங்க. இருந்தவ துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிட்டா. எழுதிப் போட்டுட்டு உக்காந்திருக்காத. நேர்ல போய் நில்லு."

மறுநாளே போனாள். காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் சண்டை தொடங்கி அவசரகாலம் வந்தபின், தொழிலாளர் வீடுகளான லயங்களை ஒரே இடத்துக்கு இழுத்து முள்வேலிக்குள் அடைத்திருந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் பழனியாண்டி அவளைக் கண்டதும் குழம்பினார்.

"என்ன மிஸ்ஸி, காலைலதான உள்ள போனீங்க? வெளிய வந்ததை நான் பாக்கலியே."

"நான் இப்பத்தான் அண்ணே மொதல்ல வர்றேன்."

அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டு கம்பிக்கதவைத் திறந்துவிட்டார். அடையாளக் கார்டைக்கூடக் கேட்கவில்லை.

உள்ளே முதல் லயத்தில் ராக்காயி என்பவள் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். "வாங்க அக்கா. நீங்க சொன்ன மாதிரியே பால் சுரந்துருச்சு" என்றாள்.

குணவதி துணியை விலக்கிப் பார்த்தாள். குழந்தையின் தொப்புள்கொடியில் நூல் இரண்டு சுற்றுச் சுற்றி, இடப்பக்கமாக முடிச்சிட்டிருந்தது. அவள் இடதுகைக்காரி. பயிற்சியில் அப்படி முடிச்சுப் போட்டு அடிக்கடி ஏச்சு வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

ஆபீசில் தோட்ட நிர்வாகியான துரை அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. வேலை கேட்டு வரும் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டாயாமே என்று சிரித்துப் பேனாவைத் திறந்தார். அவள் வாய்வரை உண்மை வந்தது. அது நான் இல்லை என்று சொன்னால், வேலிக்குள் வந்துபோன அந்நியப் பெண் யாரென்று போலீஸ் லயங்களைப் புரட்டும். காட்டு ஆளுக்கு இடம் கொடுத்ததாகப் பிள்ளை பெற்றுக் கிடக்கும் ராக்காயியை இழுத்துக்கொண்டு போகும். தனக்கோ கப்பல்.

"ஆமாம், தொரை" என்றாள்.

பாஸ் கிடைத்தது. ஆனால் அந்த இன்னொருத்தி வருவதை நிறுத்தவில்லை. குணவதி ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் நேரத்தில் தோட்டத்தின் மேல்பிரிவில் அவள் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததாகச் சொன்னார்கள். காட்டிலிருந்து இறங்கும் மனுஷிதான் என்று குணவதி தன்னைத் தேற்றிக்கொண்டாள். மனுஷிக்கு எப்படி என் முகம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு பிற்பகலில் பிச்சையம்மாளுக்கு வலி கண்டது என்று ஆள் வந்தது. ஓடினாள். குழந்தை பிறந்து, துடைத்துப் படுக்கவைத்திருந்தது. பேசின் பாத்திரத்தில் வெந்நீர் இன்னும் ஆவி விட்டது.

"எதையாச்சும் மறந்துட்டுத் திரும்பி வந்தீங்களா அக்கா?" என்றாள் பிச்சையம்மாள்.

பின்கதவு திறந்திருந்தது. அப்பால் கிழிசலில்லாத முள்வேலி. அதற்கும் அப்பால் காற்றே இல்லாமல் நின்ற பால்மரங்கள். குணவதி கதவருகே போய், மரங்களை நோக்கிக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பரஞ்சோதி பொண்டாட்டிக்குப் புள்ள குறுக்கால கெடக்கு. எனக்கு ஒத்தையில பயமாயிருக்கு."

"யார்கிட்ட பேசுறீங்க அக்கா?" என்று பிச்சையம்மாள் பின்னாலிருந்து கேட்டாள்.

அந்தப் பிரசவம் அடுத்த வாரம் அடைமழையில் நடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அறையில் வலியில் கிடந்தவளையும் குணவதியையும் தவிர யாருமில்லை. பிள்ளையை மெல்லத் திருப்பிக் காலைப் பிடித்து இழுத்தாள். கடைசியாகத் தலையும் வெளியே வந்தது. கொடியை வெட்டும் கத்தரிக்கோல் எட்டாத தூரத்து மேசையில் இருந்தது. குணவதி பின்னால் கையை நீட்டினாள்.

ஈரமான ஒரு கை அதைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தது. குணவதி திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை அழ ஆரம்பித்தது.